எம். ஆர். ஜேம்ஸ்: சுவடி அறிஞர் எழுதின பேய்க்கதைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருங்க இந்த எம். ஆர். ஜேம்ஸ்?

முழுப்பேர் மாண்டேகு ரோட்ஸ் ஜேம்ஸ். 1862 ஆகஸ்ட் 1-ல பொறந்து 1936 ஜூன் 12-ல இறந்த இங்கிலாந்துக்காரர். இங்கிலீஷ்ல பேய்க்கதை எழுதினவங்கன்னு பேச்சு வந்தா முதல் வரிசையில இவர் பேரு வரும், அதுவும் மொத்தமே முப்பது சொச்சம் கதைதான் எழுதியிருக்காரு. ஆனா அவர் உயிரோட இருந்தப்ப நிறைய பேருக்கு அவர் வேற ஆளு, பழைய லத்தீன் சுவடிகளைப் படிச்சு அட்டவணை போடற பெரிய அறிஞர், கேம்பிரிட்ஜ்ல கிங்ஸ் காலேஜ் தலைவர், அப்புறம் ஈட்டன் பள்ளிக்கூடத்தோட தலைவர். கதை எழுதறது வருஷக்கடைசியில நண்பர்களுக்காகப் பண்ற வேலை. இந்த ரெண்டையும் தனித்தனியா வெச்சுப் பாக்கறவங்க அதிகம், எனக்கு அது சரியாப் படல, அந்தச் சுவடி வேலை இல்லாம அந்தக் கதைகள் வந்தே இருக்காது. கீழ பல பதில்கள்ல அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போறேன்.

சின்ன வயசுல எங்க வளர்ந்தாரு?

பொறந்தது கென்ட் மாவட்டத்துல குட்னஸ்டோன்ங்கற ஊர்ல. அப்பா ஹெர்பர்ட் ஜேம்ஸ் இங்கிலாந்து திருச்சபை பாதிரியார். பையனுக்கு மூணு வயசு இருக்கறப்ப, 1865-ல, குடும்பம் சஃபோக் மாவட்டத்துல கிரேட் லிவர்மியர்னு ஒரு கிராமத்துக்கு மாறிடுச்சு. பெரிய பாதிரியார் வீடு, சுத்தி மரம், பக்கத்துல பழைய சர்ச், ஏரி. அந்தக் கிழக்குக் கரைப் பிரதேசம் அவர் மனசை விட்டுக் கடைசி வரைக்கும் போகல. அவர் கடைசியா எழுதின குட்டிக்கதை ‘எ வின்யெட்’ இந்த வீட்டுத் தோட்டத்துலயே நடக்குது, ஒரு பையன் தோட்டக் கதவுல இருக்கற ஓட்டை வழியா ஒரு முகத்தைப் பாக்கறான், அவ்வளவுதான் கதை. அது அவர் செத்த பிறகு 1936 நவம்பர்லதான் அச்சுல வந்துச்சு.

பேய் மேல ஆசை எப்படி வந்துச்சுன்னு அவரே ஒரு கட்டுரையில சொல்லியிருக்காரு, சின்ன வயசுல பார்த்த ‘பஞ்ச் அண்ட் ஜூடி’ பொம்மலாட்ட செட்ல அட்டையில வெட்டின ஒரு பேய் உருவம் இருந்துச்சாம், அதுதான் மனசுல ஒட்டிக்கிச்சாம்.

படிப்பும் வேலையும் எப்படிப் போச்சு?

இதை வேகமாச் சொல்லிடறேன். டெம்பிள் குரோவ் பள்ளி, 1876-ல ஈட்டன், 1882-ல கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ், 1887-ல அங்கயே ஃபெல்லோ, அதாவது காலேஜோட அறிஞர் குழுவுல ஒருத்தர். 1893-ல இருந்து 1908 வரைக்கும் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தோட இயக்குநர். 1905-ல கிங்ஸ் காலேஜ் ப்ரோவோஸ்ட், அதாவது காலேஜுக்கே தலைவர். 1913-ல இருந்து 1915 வரைக்கும் கேம்பிரிட்ஜ் துணைவேந்தர். 1918-ல ஈட்டனுக்கு ப்ரோவோஸ்டாப் போயி சாகற வரைக்கும் அங்கயே இருந்தாரு. 1930-ல ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ கிடைச்சுது, அது ரொம்பக் கொஞ்சம் பேருக்கு மட்டும் ராஜா கொடுக்கற மரியாதை. கவனிச்சுப் பார்த்தா வாழ்க்கை முழுக்க ஈட்டன், கிங்ஸ், மறுபடி ஈட்டன், அவ்வளவுதான். அவர் 1926-ல எழுதின நினைவுக்குறிப்புக்குப் பேரும் ‘ஈட்டன் அண்ட் கிங்ஸ்’தான்.

சுவடி அறிஞர்னா சரியா என்ன பண்ணினாரு?

அச்சு வர்றதுக்கு முன்னாடி தோல்ல கையால எழுதின புத்தகங்கள் இங்கிலாந்துல ஆயிரக்கணக்குல இருந்துச்சு, பெரும்பாலும் மடாலயங்கள்ல. பதினாறாம் நூற்றாண்டுல எட்டாம் ஹென்றி மடாலயங்களை எல்லாம் கலைச்சப்ப அதுங்க சிதறிப்போச்சு, சிலது எரிஞ்சுது, சிலது வேற புத்தகத்துக்கு அட்டையாச்சு, மிச்சம் காலேஜ் லைப்ரரிகள்ல தூசி படிஞ்சு கெடந்துச்சு. ஜேம்ஸ் உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்து, இது எந்த மடத்துல இருந்தது, யார் கையெழுத்து, எந்தக் காலம், ஓரத்துல யாரு என்ன கிறுக்கியிருக்காங்க, படத்துல இருக்கற புனிதர் யாரு, எல்லாத்தையும் குறிச்சு அட்டவணை போட்டாரு. கேம்பிரிட்ஜ்ல கிட்டத்தட்ட எல்லா காலேஜோட சுவடிக்கும் அவர் போட்ட அட்டவணை இருக்கு, டிரினிட்டி காலேஜுக்கு மட்டுமே பல வால்யூம். இதை இப்ப ஒரு டீம் போட்டுப் பண்ணினாலே வருஷக்கணக்குல ஆகும், அவர் மியூசியத்தையும் காலேஜையும் நிர்வாகம் பண்ணிக்கிட்டே பண்ணியிருக்காரு. இன்னைக்கும் ஆராய்ச்சியாளர்கள் அந்த அட்டவணைகளைப் புரட்டறாங்க.

இதுல சில விஷயம் கதை மாதிரியே இருக்கும். பரி செயின்ட் எட்மண்ட்ஸ்னு சஃபோக்ல ஒரு பெரிய மடாலயம் இடிஞ்சு கெடக்கு. அந்த மடத்துத் தலைவர்களை எங்கெங்க புதைச்சாங்கன்னு ஒரு பழைய சுவடியில குறிப்பு இருக்கறதை ஜேம்ஸ் பார்த்தாரு, அதை வெச்சு 1902-03 வாக்குல தோண்டினாங்க, சொன்ன இடத்துலயே கல்லறைகள் இருந்துச்சு. பழைய லத்தீன் வரி ஒண்ணைப் படிக்கறான், அது சொல்ற இடத்துல போயி தோண்டறான், அங்க ஏதோ இருக்கு. இதைத்தான் அவர் கதை நாயகர்கள் எல்லாம் பண்றாங்க, என்ன, அவங்களுக்குக் கெடைக்கறது வேற.

இன்னொண்ணு, யார்க்ஷையர்ல பைலண்ட் மடத்துத் துறவி ஒருத்தர் 1400 வாக்குல, பழைய சுவடியில காலியா இருந்த பக்கங்கள்ல அந்த ஊர்ப் பேய்க்கதைகள் பன்னெண்டை எழுதி வெச்சிருந்தாரு. அதைக் கண்டு எடுத்து 1922-ல வெளியிட்டது ஜேம்ஸ்தான், அதுவும் மொழிபெயர்ப்பு இல்லாம லத்தீன்லயே. புதிய ஏற்பாட்டுல சேராம விடுபட்ட பழைய கிறிஸ்தவ நூல்களை இங்கிலீஷ்ல கொண்டுவந்த ‘தி அபோக்ரிஃபல் நியூ டெஸ்டமென்ட்’ 1924-ல வந்துச்சு, அதுவும் அவருதான்.

அப்ப பேய்க்கதை எழுத எப்படி ஆரம்பிச்சாரு?

கேம்பிரிட்ஜ்ல ‘சிட்சாட் சொசைட்டி’ன்னு ஒரு சின்ன நண்பர்கள் கழகம், வாரம் ஒருத்தர் ஏதாவது எழுதிட்டு வந்து படிப்பாங்க. 1893 அக்டோபர் 28-ல ஜேம்ஸ் முறை வந்தப்ப ரெண்டு பேய்க்கதை படிச்சாரு. ‘கேனன் ஆல்பெரிக்ஸ் ஸ்கிராப்புக்’ ஒண்ணு, ‘லாஸ்ட் ஹார்ட்ஸ்’ இன்னொண்ணு. அப்ப அவருக்கு வயசு 31. அந்த ரெண்டும் 1895-ல பத்திரிகைகள்ல வந்துச்சு.

அதுக்கப்புறம் அது கிறிஸ்துமஸ் வழக்கமா ஆயிடுச்சு. லீவுக்கு ஊருக்குப் போகாம இருக்கற நண்பர்கள், பழைய மாணவர்கள் எல்லாம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி சேப்பல்ல பாட்டு, சாப்பாடு எல்லாம் முடிஞ்சு அவர் ரூம்ல கூடுவாங்க. அவர் உள் ரூம்ல இருந்து கையில காகிதத்தோட வருவாரு, கடைசிப் பக்கத்துல மை கூட சரியாக் காஞ்சிருக்காது, மெழுகுவர்த்திகளை எல்லாம் ஊதி அணைச்சுட்டு ஒண்ணை மட்டும் விட்டுட்டு, அந்த வெளிச்சத்துல உக்காந்து படிப்பாரு. அங்க இருந்தவங்க எழுதி வெச்சதுல இருந்து நமக்கு இது தெரியுது. அவர் குரலும் நடிப்பும் ரொம்ப நல்லா இருக்குமாம், விதவிதமான ஆளுங்க மாதிரிப் பேசுவாராம், அதான் கதைகள்ல வேலைக்காரங்க, ஓட்டல்காரங்க, சர்ச் காவலாளிங்க பேசற பேச்சு எல்லாம் அப்படியே காதுல விழற மாதிரி இருக்கு.

காதால கேக்கறதுக்காக எழுதினதுங்கறதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிச்சா கதைகள் ஏன் அப்படி இருக்குன்னு புரியும். ஒரே மூச்சுல படிச்சு முடிக்கற நீளம். நடுவுல நிதானமான, கொஞ்சம் சிரிப்பு வர்ற பேச்சு. கடைசியில ஒரு வரி, ரெண்டு வரி, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிடும்.

ஜேம்ஸ் மெக்ப்ரைட்னு ஒருத்தர் பேரு அடிக்கடி வருதே, அவர் யாரு?

மெக்ப்ரைட் கிங்ஸ் காலேஜ்ல படிச்சவரு, வயசுல ஜேம்ஸைவிட சின்னவரு, ஓவியர். ரெண்டு பேரும் சேர்ந்து டென்மார்க், ஸ்வீடன் எல்லாம் சைக்கிள்ல சுத்தினவங்க, ‘நம்பர் 13’, ‘கவுண்ட் மேக்னஸ்’ கதைகள் அந்தப் பயணங்கள்ல இருந்துதான் வந்துச்சு. கதைகளைப் புத்தகமாப் போடலாம், நான் படம் வரையறேன்னு மெக்ப்ரைட் சொன்னதுக்கு அப்புறம்தான் ஜேம்ஸ் சம்மதிச்சாரு. நாலு படம் முடிச்சாரு, 1904 ஜூன்ல ஒரு ஆபரேஷனுக்கு அப்புறம் இறந்துட்டாரு. வேற ஓவியரை வெச்சு மிச்சத்தை முடிக்க ஜேம்ஸ் ஒத்துக்கல, அந்த நாலு படத்தோடயே புத்தகம் வந்துச்சு. முன்னுரையில, நண்பன் வேலையில ஒரு துண்டாவது நிலைச்சு நிக்கணும்னுதான் இந்தப் புத்தகம்ங்கற மாதிரி எழுதியிருக்காரு. இலக்கிய வரலாற்றுல பேசப்படற அந்த 1904 புத்தகம் உண்மையில ஒரு நண்பனுக்கு வெச்ச நினைவுச்சின்னம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தப் படங்களைப் பாக்கறப்ப எனக்கு நெஞ்சு கனத்துப் போகும்.

மெக்ப்ரைட் இறந்த பிறகு பொறந்த பொண்ணு ஜேன். அந்தக் குழந்தைக்குக் கார்டியனா ஜேம்ஸ் இருந்தாரு. அவளுக்காக எழுதின குழந்தைக்கதைதான் 1922-ல வந்த ‘தி ஃபைவ் ஜார்ஸ்’. மெக்ப்ரைடோட மனைவி க்வெண்டலினுக்கு அவர் வருஷக்கணக்கா எழுதின கடிதங்கள் 1956-ல புத்தகமா வந்துச்சு, பூனை, பூச்சி, பக்கத்து வீட்டு விஷயம்னு ரொம்ப அன்பான கடிதங்கள்.

மொத்தம் எத்தனை கதைப் புத்தகம்?

நாலு தொகுப்பு. ‘கோஸ்ட் ஸ்டோரீஸ் ஆஃப் அன் ஆன்டிக்வரி’ 1904, ‘மோர் கோஸ்ட் ஸ்டோரீஸ்’ 1911, ‘எ தின் கோஸ்ட் அண்ட் அதர்ஸ்’ 1919, ‘எ வார்னிங் டு தி க்யூரியஸ்’ 1925. எல்லாத்தையும் சேர்த்து 1931-ல மொத்தத் தொகுப்பு. மூணாவது தொகுப்பு மத்ததைவிட மங்கல்தான்.

அவர் கதையில அப்படி என்ன ஸ்பெஷல்? படிச்சா மெதுவாத்தான் போகுது?

ஆமா மெதுவாத்தான் போகும், அது வேணும்னே பண்றது. பேய்க்கதைக்கு சூழ்நிலையும் படிப்படியா ஏத்திக்கிட்டுப் போறதும்தான் முக்கியம்னு அவரே 1924-ல எழுதியிருக்காரு. கதை மாந்தர்கள் நிம்மதியா தன் வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கணும், அந்த அமைதிக்குள்ள அந்தக் கெட்டது மெல்ல தலையை நீட்டணும், முதல்ல கண்ணுக்கே படாத மாதிரி, அப்புறம் இன்னும் கொஞ்சம், கடைசியில மேடை முழுக்க அதுவே. இது அவர் கணக்கு. அதனாலதான் பழைய கோட்டை, இடி மின்னல், மயக்கம் போட்டு விழற பெண்கள் இதெல்லாம் அவர்கிட்ட இல்ல. ஒரு மியூசியம் ஆள் ஒரு பழைய அச்சுப்படத்தை வாங்கறாரு, படத்துல ஒரு வீடு, ஒவ்வொரு தடவை பாக்கறப்பவும் அதுல ஏதோ ஒண்ணு நகர்ந்திருக்கு. ‘தி மெஸ்ஸோடின்ட்’ கதை அவ்வளவுதான். ‘நம்பர் 13’ல, டென்மார்க்ல வீபோர்க் ஊர் ஓட்டல்ல 12-ஆம் ரூம் இருக்கு, 14 இருக்கு, ராத்திரி மட்டும் நடுவுல 13 இருக்கு.

ரெண்டாவது விஷயம் ஆதாரம். கற்பனையான சுவடி, கல்வெட்டு, டைரி, கோர்ட் நடவடிக்கை எல்லாத்தையும் அவர் எழுதினா அது உண்மையாவே எங்கயோ லைப்ரரியில இருக்குன்னு தோணும், ஏன்னா வாழ்க்கை முழுக்க அசலைப் பார்த்தவரு, பதினேழாம் நூற்றாண்டு ஆளு எப்படி எழுதுவான்னு அவருக்கு கை பழகின விஷயம். ‘மார்ட்டின்ஸ் குளோஸ்’ கதையில பழைய விசாரணைப் பதிவு ஒண்ணு வருது பாருங்க, அசல் இல்லன்னு யாராவது சொன்னாத்தான் தெரியும். நாம ஆவணத்தை நம்பறோம், அந்த நம்பிக்கை வழியாவே பயம் உள்ள வந்துடுது. வெறும் கற்பனை வளம் இருக்கற எழுத்தாளனுக்கு இது வராது, அட்டவணை போட்ட கைதான் இதை எழுதும்.

பேய் எப்படி இருக்கும், வெள்ளைப்புடவை மாதிரியா?

இல்ல, தொட்டுப் பாக்கற மாதிரி இருக்கும், அதான் கொடுமை. ரோமம், ஈரம், ஒல்லியான கை, பல்லு. ‘காஸ்டிங் தி ரூன்ஸ்’ல ஒருத்தன் இருட்டுல தலைகாணிக்கு அடியில கை விடறான், அங்க ஒரு வாய் இருக்கு, பல்லும் சுத்தி முடியும். ‘கேனன் ஆல்பெரிக்’ல மேஜை மேல எதையோ பார்த்து முதல்ல பேனா துடைக்கற துணின்னு நெனைக்கறான், அப்புறம் எலியோ, சிலந்தியோன்னு யோசிச்சு, அது ஒரு கைன்னு புரியுது. ‘தி ஆஷ் ட்ரீ’ல சிலந்திகள், அவருக்கே சிலந்தின்னா பிடிக்காது. எல்லாம் ஒரு நொடிதான், ரெண்டு வாக்கியத்துக்கு மேல காட்ட மாட்டாரு. நான் இதைவிட அதிகமா ரத்தம் கொட்டற கதைகள் எவ்வளவோ படிச்சிருக்கேன், எதுவும் அந்தத் தலைகாணி மாதிரி மனசுல நிக்கல.

இன்னொண்ணும் சொல்லணும், அவர் பேய்ங்க நல்லதில்ல. நியாயம் கேட்டு வர்றது கொஞ்சம் இருக்கு, ‘லாஸ்ட் ஹார்ட்ஸ்’ மாதிரி, ஆனா நிறைய கதையில மாட்டிக்கறவன் பெருசா ஒரு பாவமும் பண்ணல, ஆர்வக்கோளாறுல ஒரு பொருளை எடுத்தான், அவ்வளவுதான். ‘எ வார்னிங் டு தி க்யூரியஸ்’ல கரையில புதைச்ச பழைய கிரீடத்தைத் தோண்டி எடுத்த பையன், பயந்து போயி திரும்பவும் அதே இடத்துல வெச்சுடறான். வெச்ச பிறகும் விடல.

கதை நடக்கற இடங்கள் எல்லாம் நிஜமா?

நிறைய நிஜம், சிலதுக்குப் பேரை மட்டும் மாத்தியிருக்காரு. ‘ஓ விசில், அண்ட் ஐ’ல் கம் டு யூ, மை லாட்’ (சுருக்கமா ‘ஓ விசில்’) கதையில வர்ற பர்ன்ஸ்டோ ஊரு சஃபோக் கரையில இருக்கற ஃபெலிக்ஸ்டோ, அவரே சொன்னது. ‘வார்னிங்’ கதையில சீபர்க்னு வர்றது ஆல்ட்பரோ, அங்க அவரோட பாட்டி வீடு இருந்துச்சு. ‘கேனன் ஆல்பெரிக்’ நடக்கற செயின்ட் பெர்ட்ராண்ட் த கொமாஞ்ச் பிரான்ஸ்ல பிரெனீஸ் மலை அடிவாரத்துல இருக்கற ஊரு, அந்தப் பெரிய சர்ச் இன்னும் நிக்குது. ஊரைத் தெரிஞ்சவரு எழுதினதால கடற்கரை, கூழாங்கல், மரத்தடுப்பு, சாயங்கால வெளிச்சம் எல்லாம் சரியான அளவுல இருக்கும்.

அவருக்கே பேய் நம்பிக்கை இருந்துச்சா?

1931 தொகுப்பு முன்னுரையில இதுக்கு பதில் சொல்லியிருக்காரு, ஆதாரத்தைப் பரிசீலிக்கத் தயார், அது திருப்தியா இருந்தா ஏத்துக்குவேன்னு. சுவடி பாக்கற ஆளோட பதில். கடவுள் நம்பிக்கை உள்ளவரு, சர்ச்சுக்குப் போறவரு, ஆனா அப்பா மாதிரி பாதிரியார் ஆகல.

வேற யாரை அவருக்குப் பிடிக்கும்?

ஜோசஃப் ஷெரிடன் லெ ஃபானு. அயர்லாந்துக்காரர், 1873-லயே இறந்துட்டாரு, அவரை உலகம் மறந்துக்கிட்டு இருந்த நேரம். ஜேம்ஸ் பழைய பத்திரிகைகளைத் தேடி, பேர் போடாம வந்த கதைகளையும் கண்டுபிடிச்சு 1923-ல ‘மேடம் கிரௌல்ஸ் கோஸ்ட்’னு தொகுத்தாரு. பேய்க்கதையில லெ ஃபானுவுக்குத்தான் முதலிடம்னு வெளிப்படையாவே எழுதினாரு. டிக்கன்ஸும் ரொம்பப் பிடிக்கும்.

அமெரிக்காவுல திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1927 கட்டுரையில ஜேம்ஸை வானளாவப் புகழ்ந்தாரு. ஜேம்ஸ் அந்தக் கட்டுரையைப் படிச்சாரு, லவ்கிராஃப்ட் நடை அவருக்குப் பிடிக்கல. ரத்தமும் காமமும் கலந்து அருவருப்பை உண்டாக்கறது சுலபம், அது பயம் இல்லன்னு அவர் கருத்து. எனக்கு லவ்கிராஃப்டும் பிடிக்கும், ஆனா இந்த விஷயத்துல ஜேம்ஸ் பக்கம்தான்.

முதல் உலகப் போர் அவரைப் பாதிச்சுதா?

ரொம்ப. போர் ஆரம்பிச்சப்ப அவர்தான் துணைவேந்தர். பசங்க எல்லாம் போயிட்டாங்க, காலேஜ் காலியாச்சு, நிறைய பேர் திரும்பி வரல. அந்தக் கிறிஸ்துமஸ் கூட்டத்துல உக்காந்து கதை கேட்டவங்களும் அதுல உண்டு. போர்ல இறந்த ஒவ்வொரு வீரர் குடும்பத்துக்கும் பிரிட்டிஷ் அரசு ஒரு நினைவுப்பத்திரம் அனுப்புச்சு, அதுல இருக்கற வாசகத்தோட வரைவை எழுதிக் கொடுத்தது ஜேம்ஸ்தான். லட்சக்கணக்கான வீட்டுக்கு அந்த வரிகள் போச்சு, கீழ அவர் பேரு கெடையாது. பேய்க்கதையைவிட அதிகம் பேர் படிச்ச அவரோட எழுத்து அதுவாத்தான் இருக்கும்.

குறையே இல்லையா?

இருக்கு. பெண் பாத்திரங்கள் ரொம்பக் கம்மி, வந்தாலும் ஓரமா நிப்பாங்க. உலகமே காலேஜ், சர்ச், பண்ணை வீடு, கோல்ஃப் ஆடற ஆம்பளைங்கதான். வேலைக்காரங்க பேச்சை அழகாப் பிடிப்பாரு, ஆனா அதுல மேலே இருந்து பாக்கற பார்வையும் இருக்கு. புது இலக்கியத்து மேல வெறுப்பு. 1917-ல ஜேன் ஹாரிசன்ங்கற பெண் அறிஞர் எழுதின கட்டுரையைத் தாக்கி எழுதினப்ப அவர் காட்டின கடுமை படிக்க நல்லா இல்ல. அன்பான மனுஷன்னு பழகின அத்தனை பேரும் சொல்றாங்க, அதுவும் உண்மைதான், ஆனா அந்த அன்பு ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள்ள.

கல்யாணம்?

பண்ணிக்கல. நண்பர்கள், மாணவர்கள், பூனைகள். 1927-ல ஈட்டன் ஸ்கவுட் பசங்க கேம்ப் போட்டப்ப அங்க போயி நெருப்பைச் சுத்தி உக்காந்த பசங்களுக்கு ‘வெயிலிங் வெல்’ கதையைப் படிச்சுக் காட்டியிருக்காரு, அதுல ஸ்கவுட் பையன் ஒருத்தனுக்குத்தான் கெட்டது நடக்குது. ராணி மேரிக்காகக் கட்டின பொம்மை வீட்டுக்குள்ள ஒரு குட்டி லைப்ரரி வெச்சாங்க, அதுக்காக அவர் எழுதினது ‘தி ஹான்டட் டால்ஸ் ஹவுஸ்’.

சினிமா, டிவியில வந்திருக்கா?

‘காஸ்டிங் தி ரூன்ஸ்’ 1957-ல ஜாக் டூர்னர் இயக்கத்துல ‘நைட் ஆஃப் தி டீமன்’னு படமாச்சு. நல்ல படம், ஆனா அதுல பிசாசைப் பெருசாக் காட்டறாங்க, இயக்குநர் விருப்பத்துக்கு மாறா வந்த காட்சி அது. 1968-ல ஜோனதன் மில்லர் பிபிசிக்காக ‘ஓ விசில்’ கதையை எடுத்தாரு, மைக்கேல் ஹோர்டன் நடிச்சது, கருப்பு வெள்ளை. கடற்கரையில தூரத்துல ஒரு துணி மாதிரி ஏதோ அசையுது, அதுக்கு மேல ஒண்ணும் தேவைப்படல. 1971-ல இருந்து பிபிசி வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பேய்க்கதை போட ஆரம்பிச்சுது, முதல் அஞ்சும் ஜேம்ஸ் கதைகள், இயக்கம் லாரன்ஸ் கார்டன் கிளார்க். அந்த அஞ்சுல 1972-ல வந்த ‘எ வார்னிங் டு தி க்யூரியஸ்’ தான் என் கணக்குல உச்சம். சமீபத்துல மார்க் கேடிஸ் அந்த வரிசையைத் திரும்ப எடுத்து, ‘தி மெஸ்ஸோடின்ட்’ 2021-லயும் ‘கவுண்ட் மேக்னஸ்’ 2022-லயும் வந்துச்சு.

முதல் தடவை படிக்கறேன், எதுல ஆரம்பிக்கலாம்?

‘தி மெஸ்ஸோடின்ட்’. சின்னது, சுலபம். பிடிச்சா அடுத்து ‘ஓ விசில்’, அப்புறம் ‘காஸ்டிங் தி ரூன்ஸ்’, அப்புறம் ‘எ வார்னிங் டு தி க்யூரியஸ்’. ‘கேனன் ஆல்பெரிக்’ முதல்ல எடுத்தா லத்தீனும் சர்ச் விவரமும் தடுக்கலாம், நாலாவது அஞ்சாவதா படிங்க. லத்தீன் வரி வந்தா நிக்காதீங்க, முக்கியமானதுக்கு அவரே பெரும்பாலும் அர்த்தம் கொடுத்துடுவாரு. ஒரே நாள்ல நாலஞ்சு படிக்காதீங்க, வருஷத்துக்கு ஒண்ணுன்னு கேட்ட கூட்டத்துக்கு எழுதினது, வரிசையாப் படிச்சா அமைப்பு ஒரே மாதிரி தெரிஞ்சுடும். முடிஞ்சா யாரையாவது உக்கார வெச்சு சத்தமாப் படிங்க.

காசு கொடுத்து வாங்கணுமா?

வேண்டாம். அவர் இறந்தது 1936, இந்தியாவுல எழுத்தாளர் இறந்து 60 வருஷம், பிரிட்டன்ல 70 வருஷம், ரெண்டுமே எப்பவோ முடிஞ்சாச்சு. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ல முதல் ரெண்டு தொகுப்பும் இலவசமா இருக்கு, லிப்ரிவாக்ஸ்ல ஆடியோவும் இருக்கு. அச்சுப் புத்தகமாத்தான் வேணும்னா பின்குறிப்பு இருக்கற பதிப்பா பார்த்து வாங்குங்க, எது நிஜ சுவடி, எது அவர் உண்டாக்கினதுன்னு அதுல போட்டிருப்பாங்க, ஆனா அந்தக் குறிப்பைக் கதை முடிச்ச பிறகு படிங்க.